ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்: தினமும் ஓட்டுகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக், அதாவது பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரின் வேகமான வடிவம், வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் என்று. அடுத்த கேள்வி, நூறைத் தொட எத்தனை வினாடி. தினமும் வேலைக்குப் போய்வரப் போகிற வண்டியைப் பற்றி இந்த இரண்டு எண்களும் மிகக் கொஞ்சம்தான் சொல்கின்றன. சிக்னலிலிருந்து கிளம்புவது, முப்பதில் ஒரு திருப்பம், ஐம்பதில் ஒரு வளைவு, ஒரு வேகத்தடை, மறுபடி சிக்னல், கடைசியில் குறுகலான இடத்தில் பார்க்கிங். அன்றாட ஓட்டம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அங்கே வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது எந்த விளம்பரத்திலும் எண்ணாக வராது.

நான் நெடுநாளாக இந்த வகை வண்டியைத்தான் ஒரே வண்டியாக வைத்து ஓட்டுகிறேன். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டுகிறவரைச் சந்தோஷப்படுத்தும் வண்டிதான் நல்ல ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் என்பது என் கட்சி. அந்தச் சந்தோஷம் எடையிலிருந்தும், டயரிலிருந்தும், ஸ்டீயரிங்கிலிருந்தும், குறைந்த சுற்றில் இன்ஜின் காட்டும் துடிப்பிலிருந்தும் வருகிறது. உச்ச சக்தி இந்த வரிசையில் கடைசி. ஏன் அப்படி என்று சொல்ல, இந்த வகை எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

வீட்டு வண்டியாகவே பிறந்தது

1959-இல் வந்த மினி என்ற சிறிய பிரிட்டிஷ் காரில், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். முன்சக்கரங்களை இன்ஜின் இழுத்தது. வண்டியின் நீளத்தில் பெரும்பகுதி ஆட்களுக்கும் சாமானுக்கும் கிடைத்தது. 1964-இல் ஃபியட்டின் பொறியாளர் டான்டே ஜியாகோசா, ஆட்டோபியாங்கி ப்ரிமூலாவில் இதை இன்னும் எளிமையாக்கினார். இன்ஜின் குறுக்காகவே இருந்தது. கியர்பாக்ஸ் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றைய சிறிய பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த அமைப்பில்தான் ஓடுகின்றன. இதில் ஒளிந்திருந்த ஒரு சிக்கல் பின்னாளில் சக்தி கூடக்கூடத் தலைகாட்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1970-களின் நடுவில் ஃபோக்ஸ்வாகனுக்குள் ஒரு சிறு குழு, சாதாரண கோல்ஃப் காருக்கு ஒரு வேகமான வடிவம் செய்து பார்த்தது. 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள். 1976-இல் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 810 கிலோ. முதலில் 5000 வண்டிகள் விற்றால் போதும் என்றுதான் திட்டமிட்டிருந்தார்கள். அந்த முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றது.

இத்தனை பேர் ஏன் வாங்கினார்கள் என்பதற்குப் பதில் வண்டியின் பின்பாதியில் இருக்கிறது. பின்சீட்டு, டிக்கி, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு எல்லாம் சாதாரண கோல்ஃபில் இருந்தபடியே இருந்தன. இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் வீட்டுக்கு இன்னொரு வண்டி வேண்டும். ஜிடிஐ வாங்கியவருக்கு அது வேண்டியதில்லை. அன்றாடப் பயன்பாடு இந்த வகையின் பிறப்பிலேயே உள்ள நிபந்தனை. அதனால், 'தினமும் ஓட்டக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் வேகத்தைப் பாருங்கள்' என்று யாராவது ஒரு ஹேட்ச்பேக்கைப் புகழ்ந்தால், அந்த வண்டி தன் அடிப்படை வேலையிலேயே தவறிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

1984-இல் பெஜோ 205 ஜிடிஐ வந்தது. 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன், ஏறக்குறைய 850 கிலோ. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் வெளியே நழுவும் என்பது இதைப் பற்றி ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் விஷயம். காலை எடுத்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின்டயர்களின் மீது அழுத்தம் குறைகிறது, பிடி தளர்கிறது. தெரிந்தவர்களுக்கு அது விளையாட்டு. ஈரச் சாலையில் அசந்து ஓட்டுகிறவருக்கு அது ஆபத்து. இன்றைய வண்டிகளில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இந்த நழுவலைத் தொடங்கும்போதே பிடித்து நிறுத்திவிடுகிறது. அன்றாட வண்டியில் நடந்த நல்ல மாற்றங்களில் இதை நான் முதலில் வைப்பேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வளர்ந்தது. விபத்துப் பாதுகாப்புக்கான இரும்பு, காற்றுப்பைகள், ஏசி, சத்தத் தடுப்பு, அகலமான உடல். எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் எடை 1400 கிலோவைத் தாண்டும். அறிமுகமானபோது சக்தி 245 குதிரைத்திறன். 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் முன்சக்கரங்களுக்கு மட்டும் 320 குதிரைத்திறனை அனுப்பியது. இந்த அளவுக்கு வரும்போது ஒரு புதுச் சங்கடம் முளைக்கிறது. இவற்றில் பலவும் இரண்டாவது கியரின் உச்சத்திலேயே மணிக்கு 90, 100 கிலோமீட்டரை எட்டிவிடும். ஊருக்குள் ஓட்டுகிறவர் முதல் கியரை முழுதாகவும் இரண்டாவதில் பாதியையும் பயன்படுத்தியதோடு சரி. மிச்சமிருக்கும் கியர்களும் மிச்சமிருக்கும் சக்தியும் அவருக்குச் சும்மா கிடக்கின்றன. ஆனால் அந்தச் சக்தியைத் தாங்குவதற்காகப் போட்ட பெரிய பிரேக், அகல டயர், கெட்டியான சஸ்பென்ஷன் ஆகியவற்றின் சுமையை அவர் ஒவ்வொரு நாளும் சுமக்கிறார்.

எடை குறைந்த வண்டிகளை நான் விடாமல் ஆதரிப்பது இதனால்தான். 2017-இல் ஜப்பானில் வந்த சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1.4 லிட்டர் டர்போ இன்ஜின் (டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி), 140 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கீழே. காகிதத்தில் 300 குதிரைத்திறன் வண்டிகளுக்குப் பக்கத்தில் அது நிற்காது. ஆனால் நாற்பதில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பும், இரண்டாவது, மூன்றாவது கியரை முழுதாக இழுத்து ஓட்டலாம், பிரேக்கும் டயரும் சீக்கிரம் களைத்துப் போகாது.

டயரின் பக்கச்சுவர்

தினசரி ஓட்டத்தின் சுகத்தையும் அவதியையும் தீர்மானிப்பதில் எனக்குத் தெரிந்து முதலிடம் டயரின் பக்கச்சுவருக்குத்தான். டயரில் 225/40 ஆர்18 என்று எழுதியிருந்தால், 225 என்பது அகலம் மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ஆக, பக்கச்சுவரின் உயரம் 90 மி.மீ.

இந்தக் கணக்கைப் பழைய வண்டிகளுக்கும் புதியவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். முதல் கோல்ஃப் ஜிடிஐயின் டயர் 175/70 ஆர்13. பக்கச்சுவர் 122.5 மி.மீ. 2017 டைப் ஆரின் டயர் 245/30 ஆர்20. பக்கச்சுவர் வெறும் 73.5 மி.மீ. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் காணாமல் போய்விட்டது. சாலையில் உள்ள பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் வாங்குவது இந்தப் பக்கச்சுவர். அது உயரமாக இருந்தால் கூர்மையான விளிம்பில் மோதும்போது மடங்கி விரியும். குட்டையாக இருந்தால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும். உள்ளே நூல்கள் அறுந்து பக்கச்சுவரில் கொப்புளம் மாதிரி ஒரு வீக்கம் வரும். அப்படி வீங்கிய டயரை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். சில சமயம் ரிம்மே வளையும் அல்லது விரிசல் விடும்.

ஹோண்டாவே இந்த விஷயத்தில் ஒரு படி இறங்கிவந்தது கவனிக்கத்தக்கது. 2022-இல் வந்த அடுத்த டைப் ஆரில் ரிம்மை 20 அங்குலத்திலிருந்து 19 ஆகக் குறைத்து, 265/30 ஆர்19 டயர் போட்டார்கள். பக்கச்சுவர் 79.5 மி.மீ. ஆனது. சக்தியும் கூடியது, வண்டியும் முந்தையதை விட வேகமாகத்தான் ஆனது. பெரிய ரிம் இருந்தால்தான் வண்டி நன்றாக ஓடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

ஒரே மாடலில் 17 அங்குலமும் 18 அங்குலமும் கிடைத்தால், தினமும் ஓட்டுகிறவர் யோசிக்காமல் சிறியதை எடுக்கலாம். பெரிய ரிம்மும் டயரும் பொதுவாக எடை கூடியவை; அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதால், சக்கரம் சாலையின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து போவது கடினமாகிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முன்பிரேக்கின் கேலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) சிறிய ரிம்முக்குள் அடங்குகிறதா, டயரின் மொத்த வெளிவிட்டம் பழையதற்கு ஈடாக இருக்கிறதா. வெளிவிட்டம் மாறினால் வேகமானியும் மாறிக் காட்டும். டயர் தாங்கும் சுமைக் குறியீடும் தயாரிப்பாளர் சொன்னதற்குக் குறையக் கூடாது.

சரி, சஸ்பென்ஷனுக்கு வருவோம். ஸ்போர்ட்டி வண்டி என்றால் இடுப்பை உடைக்கத்தான் செய்யும் என்பது தவறான எண்ணம். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் பிஸ்டன் இரண்டு விதமான வேலை செய்கிறது. வளைவில் உடல் சாயும்போதும் பிரேக் போட்டால் மூக்கு இறங்கும்போதும் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. பள்ளத்தில் சக்கரம் விழும்போது அதே பிஸ்டன் மிக வேகமாக அடிக்கிறது. நல்ல ஷாக் அப்சார்பர் மெதுவான அசைவை இறுக்கிப் பிடிக்கும், வேகமான அடிக்கு விட்டுக்கொடுக்கும். மலிவாகச் செய்தவை இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கும். அதில் உட்கார்ந்து போகிறவருக்கு ஒவ்வொரு ஒட்டுச்சாலையும் முதுகில் எழுதப்படும். மின்னணு முறையில் கடினம் மாறும் ஷாக் அப்சார்பர் கிடைத்தால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை. குதிரைத்திறன் கூடிய இன்ஜினையும் இதையும் காட்டி ஒன்றை எடுக்கச் சொன்னால், நான் இதைத்தான் எடுப்பேன்.

வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகுதான். ஆனால் சக்கரம் மேலே ஏற வேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது. கடைசியில் இருக்கும் ரப்பர் தடுப்பில் அடிக்கடி மோதும். நாலு பேர் ஏறி, டிக்கியில் சாமானும் இருந்தால் வேகத்தடையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டீயரிங்கை இழுக்கும் முன்சக்கரங்கள்

ப்ரிமூலாவின் அமைப்பில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது என்றேன். இன்ஜின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் இன்னொரு பக்கம் என்றால், இன்ஜினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் நடுவில் அமையாது. ஆகவே ஒரு சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் நீளமாகவும் மற்றதற்குப் போவது குட்டையாகவும் இருக்கும். வேகமாகக் கிளம்பும்போது வண்டியின் மூக்கு உயர்கிறது. இரண்டு ஆக்ஸில்களும் வேறு வேறு கோணத்தில் மடங்குகின்றன. நீளமானது கூடுதலாக முறுக்கிக்கொள்ளவும் செய்யும். விளைவு, இரண்டு முன்சக்கரங்களும் ஸ்டீயரிங்கைச் சமமாக இழுப்பதில்லை. கையில் பிடித்திருக்கும் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் நகரப் பார்க்கும். எண்பது குதிரைத்திறன் வண்டியில் இது தெரியவே தெரியாது. இருநூறைத் தாண்டினால் தெரியும்.

நீளப் பக்கத்தில் ஒரு இடைத்தண்டைப் போட்டு, அதை இன்ஜினோடு பேரிங்கில் பிடித்து, மீதி ஆக்ஸில்களின் நீளத்தைச் சமமாக்குவது எளிய வழி. அடுத்த வழி சக்கரம் திரும்பும் அச்சையே சக்கரத்தின் நடுக்கோட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுபோவது. ரெனோ மெகான் ஆர்எஸ், 2009 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ், 2017 ஹோண்டா டைப் ஆர் எல்லாம் சக்கரத்தைத் தாங்கும் சாதாரண ஸ்டரட் அமைப்பை இரண்டாகப் பிரித்து, திரும்பும் பாகத்தைத் தனியாக வைத்தது இதற்காகத்தான். அந்த ஃபோக்கஸ் 305 குதிரைத்திறனை முன்சக்கரத்தில் மட்டும் தாங்கியது. இந்த ஏற்பாடு இல்லாமல் அதைத் தினமும் ஓட்டுவது கையோடு மல்லுக்கட்டுவதாக இருந்திருக்கும்.

டிஃபரன்ஷியல் இன்னொரு கதை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையை, அதாவது சுழற்றும் விசையைத்தான் தரும். ஒன்று வழுக்கினால் மற்றதற்கும் அவ்வளவுதான். மழை பெய்த சந்திப்பில் முதல் கியரில் திரும்பி வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் பிடியுள்ள சக்கரத்துக்குக் கூடுதலாக அனுப்பும். 1997 சிவிக் டைப் ஆரிலேயே பல்சக்கர வகையில் இது இருந்தது. இது ரேஸ் டிராக்குக்கான சாமான் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஈரத்தில், சரிவில், மணல் படிந்த திருப்பத்தில், மெதுவான வேகத்திலேயே இதன் அருமை தெரியும். பல வண்டிகள் சுற்றும் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு இதே வேலையைப் பாவனை செய்கின்றன. அன்றாடத்துக்கு அது ஓரளவு போதும். ஆனால் அடிக்கடி அப்படி ஓட்டினால் முன்பிரேக் பேட் சீக்கிரம் தேயும், சக்தியும் வெட்டுப்படும்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளும் உண்டு. 2020-இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ், ராலி பந்தயத்தை மனதில் வைத்தே செய்யப்பட்டது; மூன்று சிலிண்டர் 1.6 லிட்டர் இன்ஜினில் 261 குதிரைத்திறன். அற்புதமான வண்டி. ஆனால் மூன்று கதவு, சிறிய டிக்கி, பின்சீட்டில் பெரியவர்கள் உட்காரக் கஷ்டம். பனியும் சேறும் வழியில் இல்லாதவருக்கு நாலு சக்கர இழுவையின் எடையும் செலவும் தேவையா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

இன்ஜினின் அன்றாடம்

1997 டைப் ஆர் இன்ஜின் டர்போ இல்லாமல் 1.6 லிட்டரில் 185 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதைப் பெற நிமிடத்துக்கு 8200 சுற்று வரை ஏற்ற வேண்டும். கேட்கவே மனது பொங்கும் சத்தம். அதே சமயம் காலை நெரிசலில் அந்த 8200 எங்கே வரும்? இன்றைய டர்போ இன்ஜின்கள் 2000 சுற்றுக்குப் பக்கத்திலேயே முழு முறுக்குவிசையைத் தருகின்றன. சத்தத்தில் பழையதற்கு ஈடாகாது என்பது உண்மை. சிக்னலிலிருந்து கிளம்புகிறவருக்கு டர்போவே சௌகரியம்.

அந்தச் சௌகரியத்துக்கு ஈடாக டர்போ சில பழக்கங்களைக் கேட்கிறது. சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். எல்லா இடுக்குக்கும் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் ஆகும். டாஷ்போர்டில் காட்டும் தண்ணீர் வெப்பம் நடுக்கோட்டுக்கு வந்ததும் எல்லாம் சூடாகிவிட்டது என்று நினைத்து மிதிப்பவர்கள் உண்டு. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடாகும். ஆயில் வெப்பம் தனியாகக் காட்டும் வண்டி என்றால் அதைப் பாருங்கள். காட்டாவிட்டால், தண்ணீர் சூடான பிறகும் இன்னும் சில நிமிடம் மென்மையாக ஓட்டுவது நல்லது. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவதைவிட, கிளம்பி மெதுவாக ஓட்டுவதே சீக்கிரம் சூடாக்கும்.

ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி அணைப்பதுதான் இந்த இன்ஜின்களுக்கு மிகக் கடினமான வாழ்க்கை. குளிரில் கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அது ஆவியாகி வெளியேறும். சூடாகவே விடாவிட்டால் ஆயில் நீர்த்துப்போகும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். ஆயில் குறையாமல் கூடுகிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அது எச்சரிக்கை. குறுந்தூர ஓட்டம் உள்ளவர்கள் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அதிகபட்சத் தூரம் வரை காத்திருக்காமல் ஆயிலை முன்னதாகவே மாற்றிவிட வேண்டும்.

அப்புறம், நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் காற்றை உட்கொள்ளும் வால்வுகளின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே ஆயில் ஆவி படிந்து கரி கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உதறுவது, பிக்-அப் மந்தமாவது இதன் அறிகுறிகள். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்யும் முறை பரவலாக இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் வால்வுக்கு முன்னால் இன்னொரு இன்ஜெக்டரையும் வைத்து இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறார்கள். பழைய வண்டி வாங்குகிறவர் இந்த ஒரு விவரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மைலேஜுக்காக எப்போதும் மேல் கியரிலேயே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆறாவது கியரில், 1500 சுற்றில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிப்பது சிறிய டர்போ இன்ஜினுக்கு நல்லதல்ல. ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பிடித்து, பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழக்கூடும். ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மானங்களுக்கும் இதில் பங்குண்டு என்று கண்டறிந்த பிறகு, 2018-இல் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயிலுக்குப் புதிய தரங்களே வந்தன. முந்த வேண்டுமா, ஒரு கியர் இறக்குங்கள். அதற்குத்தானே இந்த வண்டியை வாங்கினோம்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் சொல்லும் ஆக்டேனைப் போடுவதுதான் கணக்கு. குறைந்த ஆக்டேன் போட்டால் இன்ஜினில் உள்ள சென்சார், பெட்ரோல் முறை தவறி எரிவதால் வரும் தட்டலைக் கேட்டு ஸ்பார்க்கைத் தாமதமாக்கும். இன்ஜின் உடையாது, ஆனால் சக்தியும் மைலேஜும் குறையும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மேனுவல் ஓட்டும் சுகம் தனி. தினமும் ஊர்ந்து போகும் நெரிசல் என்றால் இடது காலின் நிலைமையையும் பார்க்க வேண்டும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் எடுத்தால், கிளட்ச் ஆயிலில் நனைந்த வகையா, உலர்ந்த வகையா என்று விசாரியுங்கள். அங்குலம் அங்குலமாக நகரும்போது உலர்ந்த வகை சீக்கிரம் சூடாகும். எந்த வகையானாலும், முன்வண்டி நகர்ந்ததும் ஒட்டிக்கொண்டே போகாமல், ஒரு வண்டி இடைவெளி விட்டு ஒரே மூச்சில் நகர்வது கிளட்சின் ஆயுளைக் கூட்டும்.

கம்ப்யூட்டர் ட்யூனிங்கில் சக்தியை ஏற்றலாம் என்று ஆசை காட்டுவார்கள். டர்போ இன்ஜினில் அது எளிது என்பது உண்மைதான். ஏறிய முறுக்குவிசையைக் கிளட்சும் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் தாங்க வேண்டுமே. மேல் கியரில் மிதித்தால் சுற்று மட்டும் ஏறி வண்டியின் வேகம் கூடாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். வாரன்டியும் இன்சூரன்ஸும் இதனால் கேள்விக்குள்ளாகும். நான் செய்யவில்லை, தினமும் ஓட்டுகிறவருக்குச் சொல்லவும் மாட்டேன். அந்தப் பணத்தை நாலு நல்ல டயரில் போட்டால் வண்டி பிரேக் பிடிக்கும் தூரம் முதல் மழைநாள் நம்பிக்கை வரை எல்லாமே கூடும்.

இந்த வகை எங்கே போகிறது

சில நல்ல பெயர்கள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. ஃபோர்டு ஃபியஸ்டாவின் உற்பத்தி 2023 ஜூலையில் நின்றது. அதோடு ஃபியஸ்டா எஸ்டியும் போனது. 2018-இல் வந்த அதன் கடைசித் தலைமுறையில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், 200 குதிரைத்திறன். என் பார்வையில் அன்றாடத்துக்கு ஏற்ற அளவை அது சரியாகப் பிடித்திருந்தது. ஐரோப்பாவின் கார்பன் வரம்புகள் இந்த வகையை நெருக்குகின்றன. விற்கும் எல்லா வண்டிகளின் சராசரியையும் குறைக்க வேண்டியிருக்கும்போது, குறைவாக விற்று அதிகம் புகைவிடும் மாடலை நிறுவனங்கள் முதலில் கைவிடுகின்றன.

மின்சார வண்டிகள் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2024-இல் அறிமுகமான ஆல்பைன் ஏ290 நாலு மீட்டர் நீளத்துக்குள் 220 குதிரைத்திறனைத் தருகிறது. கிளம்பும் வேகம், சத்தமில்லாத நெரிசல் ஓட்டம், குளிர் ஆயில் கவலை இல்லாதது எல்லாம் அன்றாடத்துக்கு வரப்பிரசாதம். எடைதான் உறுத்துகிறது. ஏறக்குறைய 1480 கிலோ. பேட்டரி தரையோடு கிடப்பதால் சாய்வு குறைவு என்றாலும், வளைவில் டயர் அந்த எடை முழுவதையும் பிடித்தாக வேண்டும். பேட்டரியின் எடை இறங்கும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

ஓட்டிப் பார்க்கும்போது

விற்பனையாளர் உங்களை நேராக அகலமான சாலைக்குத்தான் அழைத்துப் போவார். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் தினமும் போகும் வழிக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். மோசமான ஒட்டுச்சாலையில் முப்பதில் ஓட்டுங்கள்; பேச்சுச் சத்தம் கேட்கிறதா, டயரின் இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். வேகத்தடையில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். இரண்டாவது கியரில் ஊர்ந்தபடி ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக அழுத்தி விடுங்கள். வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் நெரிசலில் தினமும் அதுதான். சீட்டின் பக்கத் திண்டு தொடையை அழுத்துகிறதா, இறங்கி ஏறும்போது உரசுகிறதா என்று நாலு தடவை இறங்கி ஏறிப் பாருங்கள். பின்சீட்டில் ஒரு பெரியவரை உட்காரவைத்து மறுபடி அதே வேகத்தடை. வண்டியை ஒரு முறை முழுதாகத் திருப்புங்கள். அகல டயர் போட்ட வண்டிகளில் திருப்பு வட்டம் பெரிதாகி, சாதாரண மாடல் ஒரே வீச்சில் திரும்பும் இடத்தில் ரிவர்ஸ் போடவேண்டி வரும்.

பழைய வண்டி என்றால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பிவிட்டு இறங்கி, முன்டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது பள்ளங்கள் நன்றாகத் தெரியும் டயர், உள்விளிம்பில் மொழுமொழு என்று இருக்கலாம். இந்த வண்டிகளில் முன்சக்கரங்களை மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள். அலைன்மென்ட் தவறினால் தேய்வு முதலில் அங்கேதான் தொடங்கும். நாலு டயரும் ஒரே நிறுவனத்துடையதா, எந்த ஆண்டில் செய்தது என்றும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். நல்ல வண்டியில் மலிவான டயரைப் போட்டு ஓட்டியவர், ஆயிலையும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா என்பது சந்தேகம். சர்வீஸ் ரசீதுகளில் ஆயில் மாற்றிய தேதிகளைத் தேடிப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதற்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு ரசீதாவது இருக்க வேண்டும். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நானே போடுவேன் என்று முன்பே சொல்லிவையுங்கள். போய்ச்சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.